அச்சமில்லாத பிரசவம் யாருக்கு?

சென்னை திருவல்லிக்கேணியில் உள்ள கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையை மக்கள் இன்றும் 'கோஷா ஆஸ்பத்திரி' என்றே சொல்கிறார்கள். 1885இல் அது தொடங்கப்பட்டபோது பெயரில் இன்னொரு சொல்லும் இருந்தது: சாதி. 'விக்டோரியா சாதி மற்றும் கோஷா பெண்கள் மருத்துவமனை'. கோஷா என்றால் திரைமறைவில் வாழும் பெண்கள். 'சாதிப் பெண்கள்' என்று அன்றைய ஆங்கிலேயர் சொன்னது வருணத்துக்குள் இருந்தவர்களை. சேரிப் பெண்ணுக்கு அந்தப் பெயரில் இடமில்லை.

அதை நிறுவியவர் மேரி ஷார்லீப். சென்னை மருத்துவக் கல்லூரி 1875இல் சேர்த்துக்கொண்ட முதல் நான்கு பெண்களில் ஒருவர். ஆண் மருத்துவர் தொடுவதற்குக் கூசி, சிகிச்சையே இல்லாமல் பிரசவத்தில் துடித்த பெண்களைப் பற்றி அறிந்துதான் அவர் மருத்துவம் படிக்க வந்தார். அவருடைய கவலை நியாயமானது. அச்சமும் கூச்சமும் ஒரு பெண்ணைக் கொல்லும், அதற்கேற்ப இடத்தையும் ஆட்களையும் மாற்ற வேண்டும் என்பது 140 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புரிந்திருந்தது. யாருடைய அச்சம் கணக்கில் வந்தது என்பதுதான் நம் கேள்வி.

அச்சம் வெறும் மனநிலை அல்ல. கருப்பையைச் சுருங்கி விரியச் செய்வது ஆக்சிடோசின் என்ற ஹார்மோன். பயந்தால் உடலில் அட்ரினலின் கூடுகிறது; சுருக்கங்கள் தளர்ந்து பிரசவம் இழுத்துக்கொண்டே போகலாம். பயம் உடலை இறுக்குகிறது, இறுக்கம் வலியைக் கூட்டுகிறது என்று 1930களிலேயே எழுதினார் பிரிட்டிஷ் மருத்துவர் கிராண்ட்லி டிக்-ரீட். அவரே 'நாகரிகமடையாத' இனத்துப் பெண்கள் வலியின்றிப் பெறுகிறார்கள் என்றும் நம்பினார். 'வயலில் பெற்றுப்போட்டு மறுபடி நடவுக்கு வந்துவிடுவாள்' என்று நம் பெண்களைப் பற்றிப் பேசப்படும் பேச்சும் இதே வகைதான். வலியே தெரியாதவள் என்று முடிவு கட்டிவிட்டால், யாரும் அவளுக்கு ஆறுதல் சொல்ல வேண்டியதில்லையே!

பிரசவிக்கும் பெண்ணின் முதுகைத் தேய்த்து, தைரியம் சொல்லி, கடைசிவரை கூடவே இருந்தவர்கள் யார்? வட இந்தியாவில் பெரும்பாலும் தலித் பெண்கள். தமிழ்நாட்டில் முடிதிருத்தும் சமூகத்து மருத்துவச்சிகள். அந்தக் கைகளில் பிறந்த குழந்தைகளே வளர்ந்து அந்தக் கைகளைத் தீட்டு என்றார்கள். காலனிய அரசோ அழுக்கு, அறியாமை என்று மட்டும் அவர்களைப் பார்த்தது.

2017இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 15,000க்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்ட 26 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. இடைவிடாமல் ஒருவர் துணையிருந்தால் பிரசவ நேரம் குறைகிறது, சிசேரியனும் குறைகிறது என்று அது சொன்னது. மருத்துவச்சி கையால் செய்ததை அறிவியல் எண்ணால் சொன்னது.

வீட்டுப் பிரசவத்துக்குத் திரும்பச் சொல்லவில்லை, தோழர்களே. மருத்துவமனை நம் தாய்மாரின் உயிரைக் காக்கிறது. அது நம் உரிமை. ஆனால் பிரசவ அறையில் அடி, வசவு, சாதியைக் கேட்கும் பார்வை இவையெல்லாம் மருத்துவத் தீங்குகளே. பிரசவத்தில் நடக்கும் அவமதிப்பை உரிமை மீறல் என்று உலக சுகாதார நிறுவனம் 2014இல் அறிவித்தது. அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது ஒரு பெண் துணை உடனிருக்கலாம் என்று ஒன்றிய அரசு 2016இல் அனுமதித்தது.

உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்தத் துணையை உள்ளே விடுகிறார்களா? போய்க் கேளுங்கள். 1885இல் சிலருக்கு மட்டும் கட்டப்பட்ட அச்சமற்ற அறை எல்லோருக்குமானதாக வேண்டும்.