அந்தப் பூனை யார்?

உங்கள் வீட்டில் ஹாரி பாட்டர் கதைகளைக் கரைத்துக் குடித்த பிள்ளைகள் யாராவது இருக்கிறார்களா? இன்று ராத்திரி சாப்பிட உட்காரும்போது சும்மா ஒரு கேள்வி போட்டுப் பாருங்கள்: ‘‘ஹெர்மியானி ஒரு பூனை வளர்த்தாளே... அது யாரு?’’

கவனியுங்கள். ‘எது’ அல்ல, ‘யாரு’!

பள்ளிக்கூடத்தில் உயர்திணை, அஃறிணை படித்த எவரும் பூனையைப் பார்த்து ‘யார்’ என்று கேட்க மாட்டார்கள். ஆனால், உலகம் முழுக்க ஹாரி பாட்டர் வாசகர்கள் வருஷக்கணக்கில் இந்தக் கேள்வியைத்தான் கேட்டு மண்டையை உடைத்துக்கொண்டார்கள். பூனையின் பெயர் க்ரூக்‌ஷாங்ஸ். தமிழில் ‘கோணக்கால்’ என்று வைத்துக்கொள்ளலாம்.

2004-ல் வந்த படத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு இந்தப் பூனை அவ்வளவாக நினைவிருக்காது. அதில் அதற்கு வேலை குறைவு. புத்தகத்தில் அப்படியில்லை. பாதிக் கதையைத் தோளில் சுமப்பதே அதுதான்!

ஜே.கே.ரௌலிங் எழுதிய மூன்றாவது ஹாரி பாட்டர் புத்தகம் 1999 ஜூலை 8-ம் தேதி வெளியானது. அதில் ஹாரியின் நண்பன் ரான், தன் கிழட்டு எலி ஸ்கேபர்ஸைத் தூக்கிக்கொண்டு ஒரு மிருகக் கடைக்குப் போகிறான். எலிக்கு உடம்பு சரியில்லை. கடைக்கார அம்மாள் புரட்டிப் பார்த்துவிட்டு, சாதாரண எலி மூன்று வருஷத்துக்கு மேல் தாங்காதே என்கிறாள். இந்த எலி அதைத் தாண்டி எத்தனையோ வருஷமாக உயிரோடு இருக்கிறது. முன்னங்காலில் ஒரு விரல் வேறு இல்லை.

அந்த நேரம் பார்த்து, எங்கிருந்தோ ஆரஞ்சு நிறத்தில் ஒரு உருவம் ரான் தலைமேல் குதித்து, எலிமீது பாய்கிறது. அதுதான் நம்ம கோணக்கால்! சுவரில் மோதியது மாதிரி சப்பை மூஞ்சி, வளைந்த கால்கள், பாட்டில் கழுவுகிற பிரஷ் மாதிரி வால். அந்தக் கடையில் அது ரொம்ப காலமாகக் கிடக்கிறது. சீந்த ஆளில்லை. ஹெர்மியானி பார்த்தாள், இரக்கப்பட்டாள், வாங்கிவிட்டாள்.

அன்றிலிருந்து பூனைக்கு ஒரே குறி, அந்த எலி. விடாமல் துரத்துகிறது. ஒருநாள் எலியைக் காணோம்! படுக்கை விரிப்பில் ரத்தம். தரையில் ஆரஞ்சு முடி. ‘‘உன் பூனைதான் என் எலியைத் தின்னுடுச்சு’’ என்று ரான் கத்த, ஹெர்மியானி மறுக்க, நட்பே முறிந்துபோகிறது.

கடைசியில் விஷயம் வெளியே வருகிறது. எலி சாகவில்லை. அது எலியே இல்லை! பீட்டர் பெட்டிக்ரூ என்கிற மனிதன். ஹாரியின் அப்பா, அம்மாவைக் காட்டிக்கொடுத்துக் கொல்லவைத்துவிட்டு, பழியை சிரியஸ் பிளாக் என்ற நண்பன் தலையில் போட்டுவிட்டு, பன்னிரண்டு வருஷமாக எலி உருவத்தில் ஒளிந்து வாழ்ந்தவன். ஒரு பாவமும் செய்யாத சிரியஸ் அத்தனை வருஷமும் சிறையில்!

சரி, எலி எலியல்ல என்று முதலில் கண்டுபிடித்தது யார்? மந்திர அமைச்சகமா? மகா மேதையான தலைமையாசிரியர் டம்பிள்டோரா? இல்லை. பூனை! அதோடு நிற்கவில்லை. சிறையிலிருந்து தப்பி நாய் உருவத்தில் திரிந்த சிரியஸையும் அடையாளம் கண்டு, கொஞ்சம் கொஞ்சமாக நம்பி, அவனுக்காக விடுதியின் கடவுச் சொற்களைத் திருடிக் கொடுக்கிறது. பக்கத்தில் வருகிறவர்களையெல்லாம் அடித்து நொறுக்கும் மந்திர மரத்தின் எந்த முடிச்சை அழுத்தினால் மரம் அடங்கும் என்பதுகூட அதற்குத் தெரிந்திருக்கிறது.

வாசகர்களுக்குச் சந்தேகம் வருமா, வராதா? சொல்லுங்கள்!

இந்தக் கதை உலகத்தில் மிருகமாக உருமாறத் தெரிந்த மனிதர்களுக்கு ‘அனிமேகஸ்’ என்று பெயர். 1997-ல் வந்த முதல் புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே ஒரு பூனை மதில்மேல் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறது. பிறகு பார்த்தால், அது பேராசிரியை மெகானகல். மூன்றாவது புத்தகத்தில் எலி ஒரு மனிதன், கறுப்பு நாய் ஒரு மனிதன். 2000 ஜூலையில் வந்த நான்காவது புத்தகத்தில் ஒரு வண்டு! அது பத்திரிகை நிருபர் ரீட்டா ஸ்கீட்டர்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பார்கள். சூடு கண்ட வாசகனும் அப்படித்தான். மூன்று தடவை ஏமாந்தவன், நாலாவது தடவை எந்தப் பிராணியையும் நம்பத் தயாராக இல்லை. எலி மனுஷன் என்றால், அதைப் பிடிக்க வந்த பூனை மட்டும் எப்படிப் பூனையாக இருக்கும்?

ஐந்தாவது புத்தகம் 2003 ஜூன் 21-ம் தேதிதான் வந்தது. நடுவே கிட்டத்தட்ட மூன்று வருஷம் வாசகர்கள் கையில் வேறு வேலை இல்லை. இருக்கிற நாலு புத்தகத்தையும் துப்பறியும் போலீஸ் மாதிரி வரிவரியாகக் கிளறினார்கள். ‘மனுஷப் பேச்சு அதற்குப் புரிகிறது. ரகசியத்தைக் காப்பாற்றத் தெரிகிறது. ஆக, உள்ளே ஒரு மனுஷன் இருக்கிறான்’ என்றது ஒரு கட்சி. ‘அப்படின்னா வாயைத் திறந்து, அய்யா, அந்த எலிதான் கொலைகாரன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? ஒரு புத்தகம் முழுக்க எதுக்கு ஓடணும்?’ என்று மடக்கியது எதிர்க்கட்சி. ரெண்டு பக்கமும் நியாயம் இருந்தது. அதனாலேயே தீர்ப்பு வரவில்லை.

இங்கே ஒரு நிமிஷம் கதையை நிறுத்திவிட்டு, நிஜமான சரித்திரத்துக்குள் நுழைவோம். ஏனென்றால், ‘இந்தப் பூனை வெறும் பூனை இல்லை, உள்ளே வேறு யாரோ இருக்கிறார்கள்’ என்ற ஊகம் ரௌலிங் வாசகர்கள் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. அதே இங்கிலாந்தில் பல நூறு வருஷம் முன்பே அது இருந்தது. ஆனால், அன்றைக்கு அது பொழுதுபோக்கு இல்லை. தூக்குக் கயிறு!

1566-ம் வருஷம். எஸ்ஸெக்ஸ் மாவட்டம், செம்ஸ்ஃபோர்ட் நகர நீதிமன்றம். ஹேட்ஃபீல்ட் பெவரல் என்ற கிராமத்துப் பெண்கள் சிலர் சூனியக்காரிகள் என்று கூண்டில் நிறுத்தப்பட்டார்கள். வழக்கின் மையத்தில் ஒரு பூனை. வெள்ளைப் புள்ளிகள் போட்டது. பெயர்..? சாத்தான்!

எலிசபெத் ஃபிரான்சிஸ் என்பவள் சொன்ன வாக்குமூலத்தின்படி, பூனையைக் கொடுத்தது அவளுடைய பாட்டி. கூடையில் வைத்து, ரொட்டியும் பாலும் ஊட்டி வளர்த்தாளாம். கேட்டதையெல்லாம் பூனை செய்து கொடுத்ததாம். ஒவ்வொரு காரியத்துக்கும் கூலி ஒரு சொட்டு ரத்தம். பதினைந்து, பதினாறு வருஷம் வைத்திருந்துவிட்டு, பக்கத்து வீட்டு ஆக்னஸ் வாட்டர்ஹவுஸுக்கு ஒரு கேக்குக்கு அதைக் கைமாற்றிவிட்டாள்.

ஆக்னஸ் என்ன சொன்னாள் தெரியுமா? பூனைக்குப் படுக்கையாகப் பானையில் கம்பளி போட்டு வைத்திருந்தேன். அந்தக் கம்பளி எனக்குத் தேவைப்பட்டது. ஆகவே பூனையைத் தேரையாக மாற்றிவிட்டேன் என்றாள்! ஒரு ஏழைக் கிழவி. மிச்சம் பிடிக்கிற கம்பளியில்கூட அவளுடைய வறுமை தெரிகிறது. நீதிமன்றத்துக்கு அது தெரியவில்லை. பூனைக்குள் இருந்த பிசாசு மட்டும்தான் தெரிந்தது. 1566 ஜூலையில் ஆக்னஸைத் தூக்கில் போட்டார்கள்.

கிட்டத்தட்ட எண்பது வருஷம் கழித்து, 1645-ல் அதே எஸ்ஸெக்ஸில் மேத்யூ ஹாப்கின்ஸ் என்றொருவன் கிளம்பினான். ‘சூனியக்காரிகளைக் கண்டுபிடிக்கும் ஜெனரல்’ என்று தனக்குத் தானே பட்டம் சூட்டிக்கொண்டவன். அவனிடம் முதலில் மாட்டியவள் எலிசபெத் கிளார்க் என்ற ஒற்றைக்கால் கிழவி. ராத்திரி ராத்திரியாகத் தூங்கவிடாமல் உட்காரவைத்துக் காவல் காத்தார்கள். கடைசியில் கிழவியின் ஏவல் பேய்கள் ஒவ்வொன்றாக அறைக்குள் வந்ததாக ஹாப்கின்ஸ் சொன்னான். முதலில் ஹோல்ட் என்ற வெள்ளைப் பூனைக்குட்டி. அப்புறம் வினிகர் டாம் என்ற நாய். அதற்கு மாட்டுத் தலை! அப்புறம் ஒரு கறுப்பு முயல். நாலைந்து ராத்திரி தூங்காமல் இருந்தால் நமக்கும்தான் மாட்டுத் தலையோடு நாய் வரும்!

ஹாப்கின்ஸ் 1647-ல் வெளியிட்ட சிறு புத்தகத்தில் இன்னொரு ‘ஆதாரமும்’ கொடுக்கிறான். இந்தப் பிராணிகளுக்கு வைத்திருக்கும் பெயர்களை மனுஷ மூளையால் கற்பனை செய்யவே முடியாதாம். அதனால் அவை பிசாசுகளேதான்! வீட்டில் பூனை வளர்த்து, அதற்கு வாய்க்கு வந்த பெயரெல்லாம் வைத்துக் கொஞ்சியவர்களுக்கு இந்த ஆதாரத்தின் லட்சணம் புரியும். எலிசபெத் கிளார்க்கையும் தூக்கில் போட்டார்கள். இரண்டு, மூன்று வருஷத்துக்குள் இந்த வேட்டையில் செத்தவர்கள் நூறு பேருக்கு மேல் என்கிறார்கள் சரித்திர ஆசிரியர்கள். சூனியத்துக்கு மரண தண்டனை என்ற சட்டத்தை பிரிட்டன் ரத்து செய்தது 1736-ல்தான்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செம்ஸ்ஃபோர்ட் ஜூரிகள் கெட்டதை எதிர்பார்த்தார்கள். பூனைக்குள் சாத்தானைக் கண்டார்கள். ஹாரி பாட்டர் வாசகர்கள் நல்லதை எதிர்பார்த்தார்கள். பூனைக்குள் ஒரு மந்திரவாதியைத் தேடினார்கள். முன்னதில் உயிர் போனது. பின்னதில் தூக்கம் மட்டும்தான் போனது. ஆனால், அடியில் ஓடுகிற எண்ணம் ஒன்றே: ஒரு மிருகத்திடம் அறிவோ விசுவாசமோ வஞ்சமோ கண்டால், அது மிருகத்தினுடையதாக இருக்க முடியாது. வேறு யாரோ உள்ளே இருந்தாக வேண்டும்.

இப்போது ரௌலிங்கிடம் திரும்புவோம். அம்மணி பதிலை ஏற்கெனவே ஒரு மூலையில் ஒளித்துதான் வைத்திருந்தார். 2001 மார்ச்சில், தர்ம காரியத்துக்கு நிதி திரட்ட ஒரு சின்னப் புத்தகம் போட்டார். ஹாரியின் பள்ளியில் படிக்கிற மிருகவியல் பாடப் புத்தகம் மாதிரியே எழுதப்பட்டது. அதில் ‘நீஸல்’ என்ற பிராணியைப் பற்றி ஒரு பத்தி. பூனை மாதிரி இருக்கும். புத்திசாலி. சந்தேகத்துக்குரிய ஆசாமிகளை மோப்பம் பிடித்துவிடும். வழிதவறிய எஜமானை வீடு கொண்டுவந்து சேர்க்கும். சாதாரணப் பூனையோடு சேர்ந்து குட்டியும் போடும்.

புத்திசாலிப் பிள்ளைகள் அந்தக் கடைசி வரியில் பேனாவால் கோடு போட்டுக்கொண்டார்கள். அவர்கள் கணக்கு தப்பவில்லை. கடைசிப் புத்தகம் வருவதற்கு முன்பே ரௌலிங் தன் இணையதளத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டார்: க்ரூக்‌ஷாங்ஸ் அனிமேகஸ் அல்ல. பாதிப் பூனை, பாதி நீஸல். உள்ளே மனுஷன் கிடையாது!

பலருக்கு ஏமாற்றம். ‘ப்ச்... இவ்வளவுதானா?’ என்றார்கள். எனக்கென்னவோ இதுதான் பெரிய பதிலாகத் தெரிகிறது. அந்தக் கதையில் உயர்திணை அத்தனையும் பன்னிரண்டு வருஷம் ஏமாந்து நின்றன. அஃறிணை ஒன்றுதான் ஏமாறவில்லை. அது சொல்ல வந்ததை யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. எலியைத் தின்றுவிட்டது என்று பழி வேறு. எலி மாட்டிய பிறகாவது அதற்கு மரியாதை கிடைத்ததா என்றால், வாசகர்களான நாம், ‘சும்மா ஒரு பூனைக்கு இவ்வளவு அறிவு எப்படி?’ என்று வேறு ஆளைத் தேடக் கிளம்பிவிட்டோம்!

முடிந்ததா? முடியவில்லை. 2007 ஜூலை 21-ம் தேதி கடைசிப் புத்தகம் வந்தது. அதில் ஹாரியின் கையில் ஒரு பழைய கடிதம் சிக்குகிறது. அவன் அம்மா லில்லி, சாவதற்குக் கொஞ்ச நாள் முன்பு சிரியஸுக்கு எழுதியது. நீ வாங்கிக் கொடுத்த பொம்மைத் துடைப்பத்தில் குழந்தை வீடு முழுக்கப் பறக்கிறான், பூனையைக் கொன்றிருப்பான் என்கிற மாதிரி விளையாட்டாக எழுதியிருக்கிறாள்.

பூனையா? ஹாரி வீட்டிலா? வாசகர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அந்த வீட்டுக்குப் பெட்டிக்ரூவும் வந்துபோனவன், சிரியஸும் வந்துபோனவன். வீடு அழிந்த ராத்திரி அந்தப் பூனை எங்கே போனது? ரொம்ப காலமாக ஒரு கடையில் விலைபோகாமல் கிடந்த பூனை அதுவாக இருந்தால்? கடையில் அந்த எலியைக் கண்டதும் பாய்ந்தது, எஜமானர்களைக் கொன்றவனை அடையாளம் கண்டதால் என்றால்?

கடிதத்தில் பூனையின் பெயர் இல்லை, நிறமும் இல்லை. இந்த ஊகத்துக்குப் புத்தகத்தில் ஆதாரம் கிடையாது. இல்லையென்று மறுக்கும் வரியும் கிடையாது. க்ரூக்‌ஷாங்ஸ் கடைசியில் என்ன ஆனது என்பதையும் கதை சொல்லாமலே முடிந்துவிடுகிறது.

பழைய ஊகங்களைவிட எனக்கு இது பிடித்திருக்கிறது. ஏனென்றால், இதில் பூனைக்குள் யாரும் ஒளிந்திருக்கவில்லை. வீட்டை இழந்த ஒரு பூனை, ஒரு துரோகியின் வாசனையைப் பன்னிரண்டு வருஷம் மறக்காமல் இருந்தது. அவ்வளவுதான்.

இனி உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேளுங்கள். ‘அது யாரு?’ வேண்டாம். ‘அதுக்கு என்ன தெரிஞ்சிருந்தது?’

சாப்பாடு ஆறிப்போகும். பரவாயில்லை!