வலி பிறக்கும் இடம்: அவசரப் பிரிவில் வயிற்றுவலியும் அபினி சாரா மருந்துகளும்

நோய் இன்னதென்று தெரியும்வரை வயிற்றுவலிக்காரருக்கு வலிமருந்து தரக்கூடாது என்பது அறுவை மருத்துவர்களிடையே நெடுங்காலம் வேரூன்றியிருந்த விதி. கடும் வயிற்றுநோய்களைக் கண்டறிவது குறித்து சக்கரி கோப் 1921இல் வெளியிட்ட நூல் அதற்கு வலுச் சேர்த்தது. ஸ்கேன் இல்லாமல் விரல்நுனியை நம்பிய காலத்தில், மார்ஃபின் அறிகுறிகளை மறைத்துவிடும் என்ற அச்சத்துக்கு நியாயம் இருந்தது. பின்னர் வந்த ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வு, வலியை முன்கூட்டியே தணிப்பதால் நோயறிதலில் பிழை கூடுவதாகக் காணவில்லை. தருவதா வேண்டாமா என்ற கேள்வி இப்படித் தீர்ந்தது. எதைத் தருவது என்பதில்தான் இன்னும் தெளிவு போதவில்லை.

'அபினி சாராதவை' என்ற பெயரே டைக்ளோஃபெனாக், பாராசிட்டமால் போன்ற மருந்துகளை மார்ஃபினுக்கு இளைத்த மாற்றாகக் காட்டிவிடுகிறது. சிறுநீரகக் கல் இதை மறுக்கும். கல் சிறுநீர்க்குழாயை அடைத்ததும் சிறுநீரகத்துக்குள் அழுத்தம் ஏறுகிறது. அங்கே சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் இரத்த ஓட்டத்தைப் பெருக்கிச் சிறுநீரை மேலும் ஊறச் செய்கிறது; குழாய்த் தசையும் இறுகுகிறது. டைக்ளோஃபெனாக் அந்தச் சுரப்பையே தடுக்கிறது. மார்ஃபினோ வலியுணர்வை மட்டும் மழுங்கடிக்கிறது. தோஹாவில் 1,600க்கும் மேற்பட்ட கல்வலி நோயாளிகளிடம் நடந்து, 2016இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு இதற்குச் சான்று. அரைமணி நேரத்தில் வலி பாதியாவது குறைந்தவர்கள், 75 மி.கி. டைக்ளோஃபெனாக் தசை ஊசி பெற்றோரில் 68 விழுக்காடு, சிரைவழி 1 கிராம் பாராசிட்டமால் பெற்றோரில் 66, மார்ஃபின் பெற்றோரில் 61. வித்தியாசம் பெரிதன்று. ஆனால் நெரிசலான பிரிவில், சிரையில் ஊசி ஏற்றக் காத்திராமல் உடனே போடக்கூடிய ஒரு தசை ஊசி மார்ஃபினை முந்தியது என்பதை நான் மிகப் பெரிதாகவே மதிக்கிறேன்.

அளவைக் கூட்டினால் பலனும் கூடும் என்பதும் தவறு. டைக்ளோஃபெனாக் வகையைச் சேர்ந்த கீட்டோரோலாக்கை சிரைவழி 10, 15, 30 மி.கி. எனத் தந்து ஒப்பிட்ட 2017ஆம் ஆண்டு ஆய்வில் மூன்றும் ஒரே அளவுதான் வலியைத் தணித்தன. மருந்துகளைக் கூட்டுவதும் அப்படியே: கல்வலிக்கு மார்ஃபினோடு இழுப்பு நீக்கும் ஹயோசின் பியூட்டைல்புரோமைடு சேர்ப்பதால் மார்ஃபினின் தேவை குறையவில்லை. வயிற்றுவலி என்றதும் அந்த ஊசியைப் பழக்கத்தால் எடுக்கும் கைகள் இங்கே சற்று நிற்க வேண்டும். மாறாக, எதிர்பாராத மருந்தும் கைகொடுக்கலாம்: கஞ்சாவை நெடுநாள் பயன்படுத்தியதால் வரும் ஓயாத வாந்திக்கும் வயிற்றுவலிக்கும் மனநோய் மருந்தான ஹாலோபெரிடால், வாந்தி நிறுத்தும் ஒன்டான்செட்ரானைவிட நன்றாக உதவியதுண்டு.

சிறுநீரகம் பழுதானவர், குடற்புண் உள்ளவர், நிறைமாதக் கர்ப்பிணி ஆகியோருக்கு டைக்ளோஃபெனாக் ஆகாது. அவர்களுக்குப் பாராசிட்டமாலை முதலில் நினைக்கலாம். குடலுக்குச் செல்லும் தமனி திடீரென அடைபட்ட முதியவரின் நிலை வேறு. தொட்டால் வயிறு மிருதுவாக இருக்கும், அவரோ துடித்துக்கொண்டிருப்பார். அபினியைத் தவிர்க்கும் கொள்கைக்காக அவரை பாராசிட்டமாலோடு விட்டுவிடுவது கொடுமை. அவருக்கு மார்ஃபினைக் கொடுத்துவிட்டு, தாமதமின்றி சி.டி. ஆஞ்சியோகிராமுக்கு அனுப்ப வேண்டும்.