கண்ணன் தேவன் மலைத் தோட்டங்களில் போக்குவரத்தும் தொழில்மயமும்: ஒரு திசைமாற்றத்தின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களின் உருவாக்கத்தில் இருப்புப்பாதை, கம்பிவடப் பாதை, மோட்டார்ச் சாலை, நீர்மின்சாரம் ஆகியவை வகித்த பங்கை இக்கட்டுரை ஆராய்கிறது. 1924ஆம் ஆண்டு வெள்ளத்திற்குப் பின் தோட்டங்களின் வணிகத் திசை கிழக்கிலிருந்து மேற்காக மாறியது. தொழிலாளரின் உறவுத் திசை மாறவில்லை. இவ்விடைவெளியே இம்மலையின் சமூக வரலாற்றை விளக்குகிறது என்பது கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: மூணாறு, தேயிலைத் தோட்டம், குண்டளைப் பள்ளத்தாக்கு இருப்புப்பாதை, போடிநாயக்கனூர், லயம்

முன்னுரை

தோட்டத் தொழில் வரலாறு பெரும்பாலும் பயிரின் வரலாறாகவோ நிறுவனத்தின் வரலாறாகவோ எழுதப்பட்டுள்ளது. விளைபொருள் எவ்வழியே மலையிறங்கியது, தொழிலாளர் எவ்வழியே மலையேறினர் என்னும் வினாக்களை முன்வைத்தால் வேறொரு வரலாறு புலப்படும். முதுவர் முதலிய பழங்குடியினர் வாழ்ந்த கண்ணன் தேவன் மலை இதற்குத் தக்க சான்றாகும்.

கிழக்கு நோக்கிய வழி

1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து இம்மலைப்பகுதிக்கான உரிமையைப் பெற்றார். காப்பியும் சின்கோனாவும் தொடக்கத்தில் பயிரிடப்பட்டன. 1880இல் ஏ.எச். ஷார்ப் என்பவர் சுமார் 50 ஏக்கரில் தேயிலை நட்டார். 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் உருவான பின்னர் தேயிலையே முதன்மைப் பயிராயிற்று.

பறித்த கொழுந்தை நெடுநேரம் வைத்திருக்க இயலாது. வாட்டுதல், உருட்டுதல், நொதிக்கவைத்தல், உலர்த்துதல் ஆகியவை தோட்டத்திற்கு அருகிலேயே நிகழ வேண்டும். எனவே தொழிற்சாலை மலைக்கே வந்தது. உருட்டுப்பொறிகளை மேலேற்றவும் தேயிலைப் பெட்டிகளைக் கீழிறக்கவும் நிலையான வழி இன்றியமையாததாயிற்று. உலர்த்தும் அடுப்புகளின் விறகுத் தேவைக்காக வளர்க்கப்பட்ட யூகலிப்டஸ் மரங்கள் மலையின் தோற்றத்தையும் மாற்றின.

1902இல் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளப் பாதை அமைந்தது. ஒரு சக்கரம் தண்டவாளத்திலும், மற்றொரு பெரிய சக்கரம் சாலையிலும் உருள, வண்டிகளை மாடுகள் இழுத்தன. 1908இல் அது இரண்டடி அகல இருப்புப்பாதையாக மாற்றப்பட்டு, நீராவி எஞ்சின்கள் ஓடின. டாப் ஸ்டேஷனிலிருந்து பெட்டிகள் ரோப்வே எனப்படும் கம்பிவடப் பாதையில் சுமார் 5 கி.மீ. சரிந்து கொட்டக்குடியை அடைந்தன. அவ்விடம் பாட்டம் ஸ்டேஷன் எனப் பெயர் பெற்றது. அங்கிருந்து சுமார் 15 கி.மீ. மாட்டுவண்டியில் போடிநாயக்கனூருக்குச் சென்ற தேயிலை, பின்னர் கப்பலேறி இங்கிலாந்தை அடைந்தது.

திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து கங்காணிகள் திரட்டிய தொழிலாளரும் கிழக்குச் சரிவின் வழியாகவே மலையேறினர். ஆனால் பெட்டிகளுக்குக் கம்பிவடம் இருந்தது. ஆட்களுக்கு நடைபாதையே இருந்தது. எனினும் இக்காலத்தில் சரக்கின் திசையும் உறவின் திசையும் ஒன்றாகவே இருந்தன என்பது கருதத்தக்கது.

1924: வெள்ளமும் திசைமாற்றமும்

1924 சூலையில் பெய்த பெருமழை, மலையாள ஆண்டு 1099ஐ ஒட்டி, தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என நினைவுகூரப்படுகிறது. இருப்புப்பாதை அழிந்தது, அது மீண்டும் அமைக்கப்படவில்லை. ஆலுவாவிலிருந்து மூணாற்றுக்கு வந்த பழைய சாலையும் சிதைந்தது.

மீட்பின்போது எந்த வழி புதுப்பிக்கப்பட்டது என்பதே முக்கியமானது. நேரியமங்கலம் வழியான புதிய ஆலுவா–மூணாறு சாலை 1931இல் திறக்கப்பட்டது. 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு இரயில் வந்திருந்தது; அதே ஆண்டில் கொச்சியின் உள்துறைமுகம் பெருங்கப்பல்களுக்குத் திறந்தது. மலையடிவாரம் வரை இரயில் வந்த வேளையில், அதனோடு மூணாற்றை இணைத்திருந்த மலைமேல் இருப்புப்பாதை இல்லாமற் போயிற்று. மோட்டார்ச் சாலையும் துறைமுகமும் சேர்ந்து மூணாற்றின் முகத்தை மேற்கு நோக்கித் திருப்பின.

மின்சாரம் இத்திருப்பத்தை உறுதிசெய்தது. தோட்டத் தேவைக்காகத் தொடங்கிய நீர்மின் முயற்சிக்குப் பின், திருவிதாங்கூர் அரசின் பள்ளிவாசல் திட்டம் 1940இல் செயற்படத் தொடங்கியது. முதிரைப்புழையின் நீர் தந்த மின்சாரம் ஆலுவாப் பகுதியின் தொழில் வளர்ச்சிக்கு அடித்தளமாயிற்று. 1943இல் அங்கு அலுமினிய ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. தேயிலை மலையாக இருந்தது, சமவெளித் தொழில்களுக்கு ஆற்றல் வழங்கும் மலையாகவும் ஆயிற்று.

மாறாத லயம்

தமிழர் மிகுந்திருந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழகத்துடன் இணைக்கக் கோரிக்கை எழுந்தது. எனினும் அவை கேரளத்துடனேயே இருக்க வேண்டும் என்று மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955இல் பரிந்துரைத்தது. 1956இல் அவ்வாறே அமைந்தது. இம்முடிவுக்குப் போக்குவரத்தே காரணம் எனக் கூறுதல் மிகையாகும். ஆனால் சாலை, துறைமுகம், மின்கம்பி ஆகிய மூன்றும் அதற்கு முன்பே மலையை மேற்கோடு பிணைத்திருந்தன. கிழக்கோடு எஞ்சிய பிணைப்பு பெரும்பாலும் தொழிலாளரின் மொழியும் உறவுமே.

இம்மாற்றங்களுக்கிடையே லயம் எனும் வரிசைக் குடியிருப்பு நிலைத்திருந்தது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீட்டு வசதியை நிறுவனத்தின் கடமையாக்கியது. அதுவே வீட்டை வேலையோடு கட்டியும் வைத்தது; வேலை முடிந்தவர் வீட்டையும் இழக்க நேர்ந்தது. 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் நிகழ்ந்த நிலச்சரிவு லயங்களைப் புதைத்து 70 உயிர்களைக் கொண்டது. இறந்தோரில் பலரின் சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு ஆகும். மின்சாரமும் தொலைபேசியும் துண்டிக்கப்பட்டிருந்ததால் செய்தி வெளியுலகை எட்ட மறுநாள் காலையாயிற்று. சமவெளிக்கு மின்சாரம் வழங்கிய மலையில் இது நிகழ்ந்தது.

முடிவுரை

கண்ணன் தேவன் மலையில் ஒவ்வொரு போக்குவரத்து மாற்றமும் விளைபொருளின் தேவையை ஒட்டியே நிகழ்ந்தது. வெள்ளத்திற்குப் பின் சரக்கு தன் திசையை மாற்றிக்கொண்டது; அதைப் பறித்தவர்களின் வீடும் உறவும் அவ்வாறு மாற்றிக்கொள்ளத் தக்கவையாக இல்லை. டாப் ஸ்டேஷனில் எஞ்சியுள்ள கம்பிவட நிலையச் சிதைவுகள் இன்று சுற்றுலாப் பயணிகளின் காட்சிப்பொருளாக உள்ளன. தொழிலாளர் வரலாற்றை ஆராய்வோர்க்கு அவை, மலையும் தொழிலாளரின் ஊரும் ஒரே வழியில் இணைந்திருந்த காலத்தின் சான்றுகளாகும்.