பாதிரிமார் அமைத்த மேடை

நாடகம் மாணவனைக் கெடுக்கும் என்பார் உளர். வரலாற்றைப் புரட்டினோம். ஐரோப்பாவில் பள்ளி மாணவர்க்கு நாடகம் பயிற்றியவர்களில் முன்நின்றவர் யார்? பாதிரிமார்!

1599இல் ஏசு சபை தன் பள்ளிகளுக்கு வகுத்த விதி: நாடகம் இலத்தீனில் அமையவேண்டும், கதை பக்திக் கதையாக வேண்டும், பெண் வேடம் கூடாது. நாவன்மைக்கு மேடை, எண்ணத்துக்கு வேலி! வேலி நின்றதா? நாளடைவில் அப்பள்ளி மேடைகளிலேயே தாய்மொழி நுழைந்தது. பெண் பாத்திரமும் நுழைந்தது.

பாரிசில் அச்சபையின் கிளெர்மோன் பள்ளியில் பயின்ற மோலியர், 1664இல் ‘தார்த்தூப்’ நாடகத்தில் பக்தி வேடதாரியின் முகத்திரையைக் கிழித்தார். தடை விழுந்தது, போராடினார், 1669இல்தான் அது நீங்கிற்று.

எல்லாம் பள்ளி மேடை தந்ததே என்று நாம் சாதிக்கவில்லை. ஆயினும், ‘லூயி லெ கிராண்’ எனப் பெயர் மாறிய அதே பள்ளியில் பின்னர்ப் பயின்றவர் வால்டேர். 1718இல் அரங்கேறிய அவருடைய முதல் நாடகம் ‘ஈடிபஸ்’. அதிலேயே பூசாரிகளுக்குச் சாட்டையடி!