பேலட் சுற்றும் இயந்திரங்கள் வளர்ந்த கதை

பேலட்டில் அடுக்கிய சரக்கை மெல்லிய பிளாஸ்டிக் ஃபிலிமால் இழுத்துச் சுற்றும் முறை 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வேரூன்றியது. பேலட் அதற்கும் மூத்தது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படை ஃபோர்க்லிஃப்டையும் மரப் பேலட்டையும் பெருமளவில் பயன்படுத்தியது. போர் முடிந்தபின் ஆஸ்திரேலியாவில் அது விட்டுச்சென்ற சாமான்களைக் கொண்டே அங்கு ‘செப்’ என்ற பேலட் நிறுவனம் உருவெடுத்தது. 1961இல் ஐரோப்பிய ரயில்வேக்கள் 800-க்கு 1200 மில்லிமீட்டர் என்ற பொது அளவை ஏற்றன. பெட்டிபெட்டியாகக் கைமாறிய சரக்கு, பேலட் பேலட்டாக நகரத் தொடங்கியது.

அடுக்கியது வழியில் குலையாமல் போய்ச் சேருவதுதான் சிக்கலாக இருந்தது. லாரி பிரேக் போட்டால் மேலடுக்குப் பெட்டிகள் முன்னால் சரியும். இரும்புப் பட்டை செங்கலுக்கும் மரத்துக்கும் பொருந்தியது. ஆனால் அட்டைப்பெட்டியின் விளிம்பை அது நசுக்கியது. பட்டை படாத பெட்டிகள் பிடிப்பில்லாமல் நின்றன. 1960களில் ஷ்ரிங்க் முறை பரவியது. தடித்த பாலித்தீன் உறையைச் சரக்கின்மேல் கவிழ்த்து, பெரிய சூட்டடுப்புக்குள் செலுத்தினால் உறை சுருங்கி இறுகும். பிடிப்பு நன்றாகவே இருந்தது, ஆனால் எரிபொருள் செலவு அதிகம். தீப்பற்றும் சரக்குக்கும் உறைகுளிர் உணவுக்கும் அது ஒத்துவரவில்லை.

சூடே இல்லாமல், இழுவிசையால் மட்டும் ஃபிலிமை இறுக்கலாம் என்பதில் முனைந்தவர்களில் முக்கியமானவர் பாட் லான்காஸ்டர். கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் 1972இல் அவர் லான்டெக் நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே வந்த எண்ணெய் நெருக்கடி சூட்டடுப்பு வைத்திருந்த ஆலைகளை யோசிக்க வைத்தது. புதிய முறைக்கு அது பெரிய சாதகமாயிற்று.

தொடக்கக் கால இயந்திரங்களில் சில, சரக்கின் முழு உயரத்துக்கு அகன்ற ஃபிலிமைப் பயன்படுத்தின. உயரம் மாறும்போதெல்லாம் ரோலையும் மாற்ற வேண்டும் என்பதால் அது நிலைக்கவில்லை. ஏறக்குறைய அரை மீட்டர் அகல ஃபிலிமைத் திருகுபோல் ஏற்றிச் சுற்றும் முறையே வென்றது. இன்றும் சிறு கிடங்குகளில் காண்பது அதுதான். ஆள் ஃபிலிம் நுனியைக் கீழ்ப்பெட்டிகளின் இடுக்கில் செருகிவிட்டுப் பொத்தானை அழுத்துவார். சுழல்மேடை திரும்பும். முதல் இரண்டு மூன்று சுற்றுகள் பேலட்டின் மரத்தையும் சேர்த்துப் பிடிக்கும். அதன்பின் ரோல் தாங்கி கம்பத்தில் மெல்ல ஏற, ஒவ்வொரு சுற்றும் முந்தையதன்மேல் ஓரளவு படிந்து போகும். உச்சியில் விளிம்பைத் தாண்டிச் சற்று மடிந்து, மறுபடி கீழே இறங்கும்.

பழைய இயந்திரங்களில் ரோலுக்கு ஒரு பிரேக் மட்டுமே உண்டு. ஃபிலிமை இழுத்து நீட்டுவது திரும்பும் சரக்கின் வேலை. பேலட் வட்டமல்ல, செவ்வகம். மூலை வரும்போது ஃபிலிம் வேகமாக இழுபடும், பக்கம் வரும்போது தளரும். பிரேக்கை இறுக்கினால் மூலையில் கிழியும். இலேசான அடுக்காக இருந்தால் சரக்கே முறுக்கிக்கொள்ளும். இந்த வரலாற்றின் உண்மையான திருப்பம் இங்கேதான் இருக்கிறது. 1970களின் இறுதியில், மோட்டாரில் ஓடும் இரண்டு ரப்பர் உருளைகள் ரோலுக்கும் சரக்குக்கும் நடுவே வந்தன. இரண்டாவது உருளை முதலாவதைவிட வேகமாகச் சுழலும். ஃபிலிம் சரக்கைத் தொடும் முன்பே அவற்றுக்கிடையில் நீண்டுவிடும். 200 சதவீதம் நீட்டினால் ஒரு மீட்டர் ஃபிலிம் மூன்று மீட்டராகும். சரக்கின்மேல் விழும் இழுவிசையைத் தனியாகக் குறைத்துக்கொள்ளவும் முடிந்தது. அவ்வளவு நீட்சியைத் தாங்கும் ஃபிலிமும் அதே காலத்தில் கிடைத்தது: 1977இல் யூனியன் கார்பைடு அறிவித்த குறைந்த அழுத்த முறை, நேரியல் பாலித்தீனை மலிவாக்கியது.

மற்ற வகைகள் எல்லாம் எதைச் சுழற்றுவது என்ற கேள்வியில் பிரிந்தவை. உயர்ந்து ஆடும் அடுக்கையும் அதிக எடையையும் சுழல்மேடையில் வேகமாகத் திருப்ப முடியாது. அதனால் சரக்கை நிறுத்திவைத்து, மேலிருந்து தொங்கும் கை ஃபிலிமோடு சுற்றிவரும் இயந்திரம் வந்தது. 1980களில் பின்லாந்தின் ஹலோய்லா நிறுவனம் ‘ஆக்டோபஸ்’ என்ற பெயரில் வளைய இயந்திரத்தைக் கொண்டுவந்தது. வளையம் சுமையைச் சூழ்ந்து சுழன்றபடியே ஏறி இறங்கும். நாள் முழுக்க நிற்காத பான ஆலைகளுக்கு அந்த வேகம் தேவைப்பட்டது. 1982இல் சான் மரீனோவில் தொடங்கிய ரோபோபேக் வேறு வழியில் போனது. பேட்டரியில் ஓடும் அதன் சிறு வண்டி சரக்கைத் தானே சுற்றிவரும். பேலட் எவ்வளவு நீளமாக இருந்தாலும், அது நிற்கும் இடத்திலேயே வேலை முடியும்.

சுற்றும் முறை எதுவானாலும் மேற்புறம் திறந்தே இருக்கும். சிமென்ட், உர மூட்டைகள் வெட்டவெளியில் மழையில் கிடக்க நேர்வதால், மேலே ஒரு தாளை விரித்து அதன்மேல் சுற்றுவார்கள். ஸ்ட்ரெட்ச் ஹூட் இயந்திரம் இந்த வேலையை ஒரே மூச்சில் முடிக்கிறது. குழாய் வடிவ ஃபிலிமை வெட்டி, மேல்நுனியை ஒட்டி, நான்கு மூலைகளிலும் பிடித்து விரித்து, சரக்கின்மேல் இறக்கிவிடும். சூடு இல்லாமலே, ஷ்ரிங்க் உறையைப்போல ஐந்து பக்கமும் அது மூடிவிடுகிறது.