வாழ வந்த வீடும் விற்க வாங்கிய வீடும்

பழைய வீடொன்றை வாங்கி, சமையலறையையும் குளியலறையையும் புதுக்கி, ஓராண்டில் விற்று இலாபம் காணலாம் என்னும் பேச்சு எம்மவரிடையே பல காலமாக உலவுகின்றது. கோவில் திருவிழாவென்றாலும் பிறந்தநாள் விருந்தென்றாலும் இப்பேச்சு எழாது முடிவது அரிது. ஹவுகன்ஸ்டுவா போன்ற இடங்களில் முப்பது ஆண்டுகளுக்கு முன் வீடு வாங்கியவர்கள் இன்று பெருந்தொகைக்கு விற்றுச் செல்வதைக் காணும் இளையோர், "நாமும் ஒன்றை வாங்கித் திருத்தி விற்றாலென்ன?" எனக் கேட்பது இயல்பே. ஆயின் இவ்வியாபாரத்துக்கு இந்நகரில் நீண்டதொரு வரலாறு உண்டு. அதனை அறியாது கணக்குப் போடுவோர், காலம் கொடுத்த விலையேற்றத்தைத் தமது கைத்திறன் ஈட்டியதென மயங்க இடமுண்டு.

ஒஸ்லோ, கிறிஸ்தியானியா என்னும் பெயர் தாங்கியிருந்த காலத்திலேயே அவ்வரலாறு தொடங்கிவிட்டது. 1890களில் நாட்டுப்புறத்து மக்கள் தொழில்தேடி நகருக்குத் திரண்டனர். புதிய வங்கிகள் தோன்றின. கேட்டவர்க்கெல்லாம் கடன் கிடைத்தது. கட்டட வேலையின் அரிச்சுவடியும் அறியாதோர்கூடக் கடனுக்கு நிலம் வாங்கி, கடனுக்கே மாடிவீடு எழுப்பி, சுவரின் பூச்சு காயுமுன் அடுத்தவர் கையில் விற்றனர். வாங்கியவர் அதனை ஈடுவைத்து வேறொன்றை வாங்கினார். 1899ஆம் ஆண்டு கோடையில் பெரிய வணிக நிறுவனமொன்று முறிந்தது; அதனைத் தொடர்ந்து வங்கிகள் சாய்ந்தன; கட்டடவேலை நின்றது. கட்டிமுடித்த வீடுகள் குடியிருப்பாரின்றிக் கிடந்தன. குறூனர்லொக்காவிலும் மயோர்ஸ்டுவாவிலும் இன்று நாம் அண்ணாந்து பார்த்து வியக்கும் கல்வீடுகளிற் பல அக்காலத்தில் எழுந்தவையே. அவற்றை எழுப்பிய பலரின் கையில் அவை நிலைக்கவில்லை.

வீடு சூதுப்பொருளாகக் கூடாது என்னும் எண்ணம் இந்நாட்டுத் தொழிலாளரிடையே வேரூன்றியமைக்கு இத்தகைய அனுபவங்களும் காரணமாயின. 1929இல் ஒபொஸ் எனப்படும் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம் ஒஸ்லோவில் தோன்றியது. 1946இல் அரசு ஹுஸ்பாங்கன் என்னும் வீட்டு வங்கியை நிறுவிக் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுத்தது. 1948இல் சுற்றியிருந்த ஆக்கர் பிரதேசம் நகரோடு இணைக்கப்பட்டது. வீடு கட்ட நிலம் கிடைத்தது. 1951 முதல் லம்பெர்ட்செட்டர் எழுந்தது. பின்னர் குறோருட் பள்ளத்தாக்கின் தோட்ட நிலங்களிலும் தொடர்மாடிகள் உயர்ந்தன. 1854இல் திறக்கப்பட்ட நோர்வேயின் முதலாவது புகையிரதப் பாதையின் அருகே அமைந்த ஹவுகன்ஸ்டுவாவின் தொடர்மாடிகள், இப்பெருமுயற்சியின் பிற்பகுதியில், 1970களை ஒட்டி எழுந்தவை.

இவ்வீடுகளிற் பெரும்பாலானவை 'பொறெட்ஸ்லாக்' என்னும் கூட்டுறவு முறைக்கு உட்பட்டவை. அதன் உட்பொருளைச் சற்று விரித்துக் கூறுதல் தகும். ஏனெனில், உறுதியும் காணியும் என்றே சொத்தை அறிந்து வளர்ந்த எமக்கு இது எளிதில் விளங்குவதன்று. இங்கு ஒருவர் வாங்குவது சுவரையும் கூரையையும் அன்று. சங்கத்தில் ஒரு பங்கையும், அப்பங்கோடு இணைந்த குடியிருக்கும் உரிமையையுமே வாங்குகின்றார். கட்டடம் சங்கத்துக்கு உரியது. கட்டடத்தின் கடனும் சங்கத்துக்கு உரியது. ஒவ்வொரு வீட்டுக்காரரும் தமக்குரிய கடன்பங்கை மாதக் கட்டணத்தோடு சேர்த்துச் செலுத்துகின்றனர். விளம்பரத்தில் விலை குறைவாகத் தோன்றும் வீடு, இக்கடன்பங்கைச் சேர்த்துப் பார்க்குமிடத்து மலிவற்றதாதல் உண்டு. தொடக்கக்காரர் முதலிற் சறுக்குமிடம் இதுவே.

அக்காலத்தில் இப்பங்கை நினைத்த விலைக்கு விற்க இயலாது. 1940இல் ஏற்பட்ட விலைக் கட்டுப்பாடு பல வடிவங்களிற் பல தசாப்தங்கள் நீடித்தது. அங்கத்துவ மூப்புப்படியே வீடு கிடைக்கும். விற்பவர் தாம் இட்ட முதலையும் அனுமதிக்கப்பட்ட உயர்வையுமே பெறலாம். குளியலறைக்குப் பொன்தகடு பதித்தாலும் பெரும்பயன் இல்லை. இச்சட்டத்தை மீறி 'மேசைக்குக் கீழே' பணம் கைமாறியது என்பதும் ஊரறிந்த செய்தியே. அரச கட்டுப்பாடு எமக்குப் புதியதன்று. 1973இல் இலங்கையிலும் ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு விதிக்கும் சட்டம் கொண்டுவரப்பட்டதை முதியோர் நினைவுகூர்வர்.

இன்னுமோர் ஒற்றுமையையும் இங்கே சுட்டலாம். ஒபொஸ் போன்ற பெருஞ்சங்கங்களோடு இணைந்த கூட்டுறவுகளில், ஒருவர் விலைபேசி முடித்த பின்னரும், அதே விலைக்கு அவ்வீட்டை எடுத்துக்கொள்ளும் உரிமை உள்ளிருக்கும் பங்காளருக்கும், பின்னர் மூப்புடைய அங்கத்தவருக்கும் உண்டு. நோர்வேஜியர் இதனைக் கூறும்போது எம்மவர் சிலர் வியக்கின்றனர். வியப்பதற்கு என்ன இருக்கின்றது? 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையில், காணியை அந்நியருக்கு விற்குமுன் பங்காளிக்கும் உரித்தாளருக்கும் அறிவிக்கவேண்டும் என்னும் வழக்கம் இடம்பெற்றுள்ளது. 1947இல் அதற்கெனத் தனிச்சட்டமே பிறந்தது. நிலத்தை அயலாரின் ஒப்புதலோடு கைமாற்றும் மரபிலிருந்தே நாம் வந்தோம்.

1980களில் காட்சி மாறியது. 1981இல் ஆட்சிக்கு வந்த கோறே வில்லொக்கின் அரசு சந்தைக்குக் கதவைத் திறந்தது. 1982 முதல் கூட்டுறவு வீடுகளின் விலைக்கட்டுப்பாடு தளர்ந்து, அத்தசாப்தம் முடியுமுன் பெரும்பாலும் நீங்கியது. வங்கிக் கடனுக்கு இருந்த எல்லைகளும் அதே காலத்தில் அகன்றன. வரிசையில் நின்று சிறுமுதலிட்டு வீடு பெற்றவர்கள், ஒரு ஆணியும் அறையாமலே பெருஞ்சொத்துக்காரர் ஆயினர். அன்று வாங்கி, வர்ணம் பூசி, விற்றவர்கள் யாவரும் வென்றனர். பூசாமல் விற்றவர்களும் வென்றனர் என்பதே கவனிக்கத்தக்கது. 'யாப்பெதீத்' என நோர்வேஜியர் சற்று நாணத்தோடு குறிப்பிடும் காலம் இதுவே.

1986இல் எண்ணெய் விலை வீழ்ந்தது. 1988இலிருந்து வீட்டுவிலையும் சரியத் தொடங்கியது. 1993 வரையிற் கால் பங்குக்கும் மேலாகக் குறைந்தது. வட்டியோ பத்து விழுக்காட்டைக் கடந்து நின்றது. 1991இல் நாட்டின் பெருவங்கிகளான டென் நோர்ஸ்க பாங்க், கிறெடித்காஸ்ஸன், ஃபோக்குஸ் ஆகியவற்றை அரசே தாங்கவேண்டியதாயிற்று. வீட்டை விற்றும் கடன் தீராத குடும்பங்கள் பல்கின. அவர்களுக்காகவே 1992இல் கடன் தீர்வுச் சட்டம் நிறைவேறியது. பொதுவாக ஐந்தாண்டுகள் இயன்றதைச் செலுத்தினால் எஞ்சியதிலிருந்து விடுதலை என்பது அதன் சாரம். பிள்ளைக்கும் தம்பிக்கும் பிணைநின்று தமது வீட்டையும் ஈடாகக் கொடுத்தவர்கள் கூடவே இழுபட்டனர்.

எம்மவரிற் பெரும்பாலோர் இந்நாட்டுக்கு வந்த காலம் இவ்வீழ்ச்சியின் காலமே. 1980களின் நடுப்பகுதியிலிருந்து அகதிகளாக வந்து, பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் நின்று உழைத்து, பின்னர் ஒஸ்லோவுக்கு இறங்கி, துப்புரவு வேலையும் உணவகவேலையும் செய்து, சீட்டுப் பிடித்தும் நகை அடகுவைத்தும் முதல் திரட்டினோம். குறோருட் பள்ளத்தாக்கில் அப்போது விலை தாழ்ந்திருந்தது. வாங்கினோம், அதன்பின் ஏறத்தாழ கால் நூற்றாண்டு விலை ஏறியது. 2016ஆம் ஆண்டில் மட்டும் ஒஸ்லோவில் இருபது விழுக்காட்டுக்கும் மேல் ஏறியது. 2007 தொடக்கம் 2016 வரை அரசும் நகரசபையும் இப்பள்ளத்தாக்கிற் பூங்காவுக்கும் பாதைக்கும் பாடசாலைச் சூழலுக்கும் பொதுப்பணத்தைச் செலவிட்டன. அதுவும் வீட்டின் மதிப்போடு சேர்ந்தது. இவற்றில் எதனையும் நாம் திட்டமிட்டுச் செய்ததில்லை. வந்து சேர்ந்த காலம் வாய்ப்பாக இருந்தது. அதே உழைப்போடு 1987இல் வாங்கியிருந்தால் எம் நிலை வேறாகியிருக்கும்.

இனி, இன்று தொடங்க விரும்புவோரின் கணக்குக்கு வருவோம். ஒருவர் கூட்டுறவு வீடொன்றை 30 இலட்சம் குறோணருக்கு வாங்கி, பத்திலொரு பங்கைக் கைமுதலாக இட்டு, 27 இலட்சம் கடன்பெறுகிறார் என வைத்துக்கொள்வோம். வட்டி ஐந்தரை விழுக்காடாயின் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,48,000. மாதக் கட்டணம் 5,000 எனின் ஆண்டுக்கு 60,000. குளியலறையும் சமையலறையும் 3,50,000 விழுங்கும் எனக் கொள்வோம். விற்பனைத் தரகர், அறிக்கை, காப்புறுதி ஆகியவற்றுக்கு 1,00,000. கூட்டினால் 6,58,000. அதாவது 36 இலட்சத்து 58 ஆயிரத்துக்கு விற்றாலே போட்டது திரும்பும். இருபத்திரண்டு விழுக்காட்டு உயர்வு அது. வாங்கியவர் அங்கேயே குடியிருந்தாரெனின் கணக்கு மாறும்: வட்டியும் மாதக் கட்டணமும் அவர் எங்கேனும் செலுத்தியிருக்கவேண்டிய வாடகைக்கு ஈடாகிவிடும், 34 இலட்சத்து 50 ஆயிரம் போதும். வட்டிக்குரிய வரிக்கழிவை இங்கு சேர்க்கவில்லை.

சட்டமும் குடியிருப்பவர் பக்கமே நிற்கின்றது. ஓராண்டுக்கு மேல் உரிமைகொண்டு, விற்பதற்கு முந்திய இரண்டாண்டுகளில் ஓராண்டேனும் அங்கே வாழ்ந்தவருக்கு இலாபத்தின்மேல் வரியில்லை. வாழாதவர் 22 விழுக்காடு கொடுக்கவேண்டும். திரும்பத் திரும்பச் செய்வாராயின் அதனை வரித்திணைக்களம் தொழிலாகவே கருதலாம். 2003ஆம் ஆண்டின் கூட்டுறவு வீட்டுச் சட்டப்படி ஒருவர் ஒரு சங்கத்தில் ஒரு பங்கையே வைத்திருக்கலாம். விற்பனை தாமதித்தால் வாடகைக்கு விடுவோம் என்பதும் எளிதன்று, முதலில் தாமே குடியிருந்திருக்கவேண்டும் என்பது பொதுவிதி. விற்கத் தகுந்த காலம் வரும்வரை காத்திருக்கலாம் என எண்ணுவோர், 2020 மே மாதத்திற் பூச்சியமாக இருந்த மத்திய வங்கி வட்டி 2023 டிசம்பரில் நான்கரை விழுக்காடாக உயர்ந்ததை நினைவிற்கொள்வது நன்று.

குளியலறையைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். எம்மிடையே கைவேலை அறிந்தோர் பலர். மச்சானும் சித்தப்பாவும் கூடினால் ஒரு கிழமையில் ஓடு பதித்துவிடலாம். சுவருக்கு வர்ணம் பூசுவதற்கும் தரைப்பலகை இடுவதற்கும் இச்சிரமதானம் போதும். ஆனால் குளியலறையில் ஓட்டின் அழகன்று, ஓட்டின் அடியிலுள்ள நீர்புகாப் படலமும் வடிகாலும் அவற்றுக்கான ஆவணமுமே விலையைத் தீர்மானிக்கின்றன. மின்வேலை பதிவுபெற்ற நிறுவனத்துக்கே உரியது. 2022 சனவரி முதல், சாதாரண வீட்டு விற்பனையில் 'உள்ளபடியே விற்கின்றேன்' என எழுதித் தப்பும் வழி அடைக்கப்பட்டது; ஐந்தாண்டுவரை வாங்கியவர் குறைகூறி வரலாம். பற்றுச்சீட்டு இல்லாத வேலைக்கு அப்போது யார் சாட்சி? 10,000 குறோணருக்கு மேற்பட்ட கூலியைக் கையிற் கொடுத்தால், கூலிபெற்றவர் ஏய்த்த வரிக்குக் கொடுத்தவரும் பொறுப்பாளியாகலாம் என்பது 2011 முதல் உள்ள விதி.

பணத்தின் மூலத்தையும் மறக்கலாகாது. எமது கைமுதல் பெரும்பாலும் ஒருவருடையதன்று. அக்காவின் சீட்டுப்பணம், பெற்றோர் தம் வீட்டின்மேல் எடுத்துக்கொடுத்த கடன், ஊரில் உள்ளவரின் மருத்துவத்துக்கென வைத்த சேமிப்பு எனப் பல கைகள் அதில் உள்ளன. நட்டம் வந்தால் அது வாங்கியவரோடு நில்லாது. பெற்றோர் வீட்டை ஈடாகக் கேட்கும் பிள்ளை, விலை ஏறினால் எவ்வளவு கிடைக்கும் என்பதோடு, பத்து விழுக்காடு இறங்கினால் எவ்வளவு போகும் என்பதையும் அதே தாளில் எழுதிக் காட்டவேண்டும். 2017இல் ஒஸ்லோ விலை ஏறத்தாழ அவ்வளவு இறங்கியதுண்டு. மேலே சொன்ன கணக்கில் அது 3 இலட்சம். இட்ட கைமுதல் முழுவதும்.

இறுதியாக ஒரு நடைமுறை விடயம். விலைபேசுமுன் சங்கத்தின் ஆண்டறிக்கையைக் கேட்டு வாங்குங்கள், தரகர் தருவார். மொழி கடினமெனின் பாடசாலை செல்லும் பிள்ளை வாசித்துக் காட்டும். அரை நூற்றாண்டு கடந்த தொடர்மாடிகளில் நீர்க்குழாய்களையும் கழிவுக்குழாய்களையும் மாற்றும் காலம் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கின்றது. பொதுக்கூட்டம் அவ்வேலையை முடிவுசெய்துவிட்டால் கடன்பங்கு கூடும். மாதக் கட்டணம் ஏறும். குழாய் சுவருக்குள்ளே ஓடுவதாயின், சென்ற மாதம் பதித்த புத்தம்புதிய ஓடுகளையும் உடைத்தே அதனை எடுப்பார்கள்.