வெறும் பெட்டியில் இருந்து யூனிக்ரோன் வரை: முன்காசு கட்டி வாங்கும் விளையாட்டுச் சாமான்களின் கதை

1977 நத்தாருக்கு அமெரிக்கக் கடைகளில் ஒரு புதுப் பெட்டி விற்பனைக்கு வந்தது. பெட்டிக்குள் விளையாட்டுச் சாமான் ஒன்றுமே இல்லை. மட்டையில் அச்சடித்த ஒரு படம், கொஞ்ச ஸ்டிக்கர், தபாலில் அனுப்பவேண்டிய ஒரு சான்றிதழ், அவ்வளவுதான். அந்தச் சான்றிதழை நிரப்பி அனுப்பினால் அடுத்த வருடம் லூக், லேயா, சூபாக்கா, ஆர்2-டி2 என்று நான்கு பொம்மைகள் வீட்டுக்கு வரும். 'ஏர்லி பேர்ட்' என்று இதற்குப் பெயர்.

விற்றவர்கள் சின்சினாட்டியைச் சேர்ந்த கென்னர் கம்பனி. ஸ்டார் வோர்ஸ் படம் அந்த வருடம் மே மாதம் வெளியாகி ஊரையே கலக்கிவிட்டது. கென்னருக்கு உரிமை கிடைத்ததோ பிந்தித்தான். அச்சு வெட்டி, பிளாஸ்டிக் ஊற்றி, பூச்சுப் பூசி நத்தாருக்கு முன் கடைக்குக் கொண்டுவர நேரமே இல்லை. அப்போது கென்னரை நடத்திய பேர்னாட் லூமிஸ் எடுத்த முடிவுதான் இந்த வெறும் பெட்டி. சனம் சிரித்தது, சிலர் கோபப்பட்டார்கள், ஆனாலும் வாங்கினார்கள்.

இன்று 'க்ரௌட்ஃபண்டிங்' என்று சொல்லி 500 டொலர் விளையாட்டுச் சாமானுக்கு முன்காசு கட்டும் ஆட்களைப் பார்க்கும்போது எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தப் பெட்டிதான். காசை முதலில் வாங்கிப் பிறகு பொருளைச் செய்வது ஒன்றும் புதினமில்லை. உ.வே.சாமிநாதையர் 1887 இல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தபோதும் முன்கூட்டியே கையொப்பம் சேர்த்துத்தான் செலவைச் சமாளித்தார். ஆனால் 1977 இல் காசு கட்டியது தகப்பன், காத்திருந்தது மகன். இப்போது கட்டுகிறவரும் காத்திருக்கிறவரும் ஒரே ஆள், அவருக்கு வயது நாற்பதுக்கு மேல். இடையில் என்ன நடந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

கென்னர் செய்த பொம்மைகளின் உயரம் மூன்றே முக்கால் அங்குலம். 1964 இல் வந்த முதல் ஜி.ஐ. ஜோ 12 அங்குலம். 70களின் எண்ணெய் நெருக்கடியில் பிளாஸ்டிக் விலை ஏறியது ஒரு பக்கம். மற்றது, ஆள் சின்னதாக இருந்தால்தான் அவன் ஏறிப் போகிற விண்கப்பலைப் பிள்ளை தூக்கக்கூடிய அளவிலும் தகப்பன் வாங்கக்கூடிய விலையிலும் செய்யலாம். சின்ன ஆள், பெரிய வாகனம் என்ற இந்த யோசனைதான் அடுத்த பத்து வருடத்தை நடத்தியது. ஹாஸ்ப்ரோ கம்பனி 1982 இல் ஜி.ஐ. ஜோவையும் அதே அளவுக்குச் சுருக்கித் திரும்பக் கொண்டுவந்தது.

பிறகு தொலைக்காட்சி வந்து சேர்ந்தது. றேகன் ஆட்சியில் அமெரிக்க ஒலிபரப்பு ஆணையம் சிறுவர் நிகழ்ச்சிகளில் விளம்பரத்துக்கு இருந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. மாட்டெல் கம்பனி 1982 இல் ஹீ-மேன் பொம்மைகளைக் கடைக்கு விட்டது. அடுத்த வருடமே ஹீ-மேன் கார்ட்டூன் ஓடத் தொடங்கியது. 1984 இல் ஹாஸ்ப்ரோ ஜப்பானின் டக்காரா கம்பனியிடம் இருந்து உருமாறும் ரோபோக்களை வாங்கி, ட்ரான்ஸ்ஃபோர்மர்ஸ் என்று பெயர் வைத்து, கதை எழுதி, கார்ட்டூனும் எடுத்தது. ஒரு நாளும் முடியாத அரைமணி நேர விளம்பரம் எண்டு அப்பவே பெற்றோர்கள் குறைப்பட்டார்கள். அவர்கள் சொன்னது பிழையில்லை. ஆனாலும் அந்த விளம்பரத்தைப் பார்த்த பிள்ளைகள் அதை விளம்பரமாகப் பார்க்கவில்லை.

அந்தக் காலத்திலும் அநியாய விலைச் சாமான்கள் இருந்தன. 1985 இல் ஹாஸ்ப்ரோ 'யூ.எஸ்.எஸ். ஃபிளாக்' என்று ஒரு விமானந்தாங்கிக் கப்பலை விற்றது. நீளம் ஏழரை அடி. விலை 110 டொலரளவில், இன்றைய பெறுமதிக்கு 300 டொலரளவு வரும். வீட்டின் ஒரு அறையைத் தின்கிற அந்தக் கப்பலை அவர்கள் செய்தது பத்து வயதுப் பிள்ளைகளுக்காக! கடைத் தட்டில் வைத்தார்கள், விற்றாலும் விற்காவிட்டாலும் கம்பனியின் தலையில். இதை மறந்துவிட வேண்டாம், பிறகு தேவைப்படும்.

1986 ஆகஸ்டில் ட்ரான்ஸ்ஃபோர்மர்ஸ் படம் திரைக்கு வந்தது. 1984 இன் பழைய பொம்மைகளைக் கடையில் இருந்து எடுத்துவிட்டுப் புதியவற்றை விற்கவேண்டும் என்பது கம்பனியின் தேவை. ஆகவே படத்தின் முதற்பகுதியிலேயே பழைய பாத்திரங்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றார்கள். ஒப்டிமஸ் பிரைமும் செத்தார். திரையரங்குகளில் பிள்ளைகள் அழுதார்கள். எதிர்ப்பு அவ்வளவு பலமாக இருந்தபடியால் தொலைக்காட்சித் தொடரில் அவரைத் திரும்ப உயிர்ப்பிக்கவேண்டி வந்தது. ஒரு சரக்குப் பட்டியலை மாற்றுகிறோம் என்று நினைத்தவர்கள், பிள்ளைகளுக்கு ஒரு தகப்பனைச் சாகடித்துவிட்டார்கள்.

அதே படத்தில் யூனிக்ரோன் என்று ஒரு பாத்திரம் வரும். கோள்களை விழுங்கும் இராட்சதக் கோள், ரோபோவாகவும் மாறும். அதற்குக் குரல் கொடுத்தவர் 'சிட்டிசன் கேன்' எடுத்த ஓர்சன் வெல்ஸ். படம் வெளியாக முன்னமே அவர் இறந்துவிட்டார். யூனிக்ரோனுக்குப் பொம்மை செய்ய ஹாஸ்ப்ரோ அப்போதே மாதிரி உருக்கள் செய்து பார்த்தது. கடைக்கு வரவில்லை. 2003 அளவில் வேறொரு தொடருக்காக ஒரு யூனிக்ரோன் வந்தது. என்றாலும் 86 இல் திரையில் பார்த்த அந்த உருவம் அதே பிரமாண்டத்தில் ஒருவர் கைக்கும் கிடைக்கவில்லை.

90களில் அந்தப் பிள்ளைகள் வளர்ந்து உழைக்கத் தொடங்கினார்கள். 1994 இல் மக்ஃபார்லேன் கம்பனி, பிள்ளைகளின் கையில் கொடுக்கவே யோசிக்கவேண்டிய அளவுக்கு நுணுக்கமும் கொடூரமுமான உருவங்களைச் செய்து விற்றது. அட்டையைப் பிரிக்காமல் சுவரில் தொங்கவிடும் பழக்கமும் பரவியது. 1999 இல் வந்த 'டோய் ஸ்டோரி 2' இந்தச் சண்டையைத்தான் பேசுகிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் என்றென்றும் பத்திரமாக இருப்பதா, ஒரு பிள்ளையின் கையில் கிடந்து கை கால் கழருவதா? படம் பிள்ளையின் பக்கம் நின்றது. சந்தை மற்றப் பக்கம் போனது.

2009 இல் கிக்ஸ்டார்ட்டர் தளம் தொடங்கியது. மக்ஃபார்லேனில் வேலை செய்த சிற்பிகள் சிலர் நியூ ஜேர்சியில் தொடங்கிய 'ஃபோர் ஹோர்ஸ்மென்' என்ற சின்ன நிறுவனம், 2015 இல் 'மித்திக் லீஜன்ஸ்' என்ற தொடருக்கு அந்த வழியாக நிதி திரட்டியது. படமில்லை, கார்ட்டூனில்லை, பெரிய கடைகளின் தயவுமில்லை. செய்கிறவரும் வாங்குகிறவரும் நேருக்கு நேர். கூட்டுநிதி என்பதற்கு உண்மையில் பொருந்துகிற உதாரணம் இதுதான் என்பது எங்கள் எண்ணம். முதல் இல்லாத கலைஞர்களுக்கு அது முதல் கொடுத்தது.

ஆனால் ஹாஸ்ப்ரோவுக்கு முதல் இல்லையா?

2017 செப்டெம்பரில் 'டோய்ஸ் ஆர் அஸ்' கடைத்தொடர் வங்குரோத்துக்கு விண்ணப்பித்தது. அடுத்த வருட நடுப்பகுதிக்குள் அமெரிக்காவில் இருந்த அதன் கடைகளெல்லாம் மூடப்பட்டன. பெரிய பெட்டிகளை அடுக்கிவைக்க இடமுள்ள கடை அதுதான். அந்தக் கடை விழுந்துகொண்டிருந்த நேரத்தில், 2018 பெப்ரவரியில், ஹாஸ்ப்ரோ 'ஹாஸ்லாப்' என்ற திட்டத்தை அறிவித்தது. விதி சுலபம். ஒரு மாதிரியைக் காட்டுவார்கள். குறித்த திகதிக்குள் குறித்த தொகை ஆட்கள் வாங்குவதாக ஒப்புக்கொண்டால் செய்வார்கள். இல்லாவிட்டால் கைவிடுவார்கள், ஆதரித்தவருக்குச் செலவில்லை.

முதலில் வந்தது ஜப்பா த ஹட்டின் பாய்க்கப்பல். 1983 படத்தில் வருவது, கென்னர் ஒருநாளும் செய்யாதது. அதே மூன்றே முக்கால் அங்குல ஆட்களுக்குப் பொருந்துகிற நாலடிக்கும் கொஞ்சம் கூடின நீளம். விலை 499.99 டொலர், தேவை 5,000 பேர். வந்தவர்கள் 8,810 பேர்.

இன்னொன்றையும் போட்டார்கள். செசமி ஸ்ட்ரீட் நிகழ்ச்சியின் குக்கி மொன்ஸ்டர், 299.99 டொலருக்கு, படப்பிடிப்பில் பாவிக்கிற பாவையைப் போலவே. 3,000 பேர் போதும். சேரவில்லை. 1969 இல் இருந்து தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் பார்க்கிற நிகழ்ச்சி, எல்லாருக்கும் தெரிந்த முகம், ஆனாலும் தோற்றது. ஒன்றை எல்லாரும் நேசிப்பது வேறு, அதற்கு 300 டொலர் கட்டுவது வேறுபோலும். சின்ன வயதில் வேண்டும் என்று கேட்டுக் கிடைக்காமல் போன ஒன்றுக்குத்தான் ஆட்கள் இப்படிக் காசு கட்டுகிறார்கள் என்று நாங்கள் நினைக்கிறோம். குக்கி மொன்ஸ்டர் யாருக்கும் கிடைக்காமல் போகவில்லையே.

யூனிக்ரோன் இதற்கு நல்ல சாட்சி. 2019 இல் ஹாஸ்லாப் அதை அறிவித்தது. 27 அங்குல உயரம், எட்டரைக் கிலோவுக்கு மேல் நிறை, கோளாகவும் மாறும். விலை 574.99 டொலர். எங்கட காசில் அன்றைய விகிதத்துக்கே ஒரு இலட்சத்தைத் தாண்டும். 8,000 பேர் தேவை. ஆகஸ்ட் 31 என்ற முதல் கெடுவுக்குள் சேரவில்லை. ஒக்டோபர் முதல் வாரம் வரை கெடுவை நீட்டித்தார்கள், கடைசி நாட்களில் இலக்கு எட்டியது. 2021 இல் பெட்டிகள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. 1986 இல் திரையரங்கில் அழுத ஏழு வயதுப் பொடியனுக்கு 2021 இல் நாற்பத்திரண்டு. அவனை அழவைத்த அதே கம்பனிக்குத்தான் இந்தக் காசும் போனது. இதை நினைத்தால் சிரிப்பும் வருகுது, கொஞ்சம் எரிச்சலும் வருகுது.

அதன்பிறகு தொகைகள் ஏறின. 2020 இல் எக்ஸ்-மென் கதையின் சென்டினலுக்கு 6,000 பேர் கேட்டார்கள், 21 ஆயிரத்துக்கு மேல் வந்தார்கள். அதே வருடம் மண்டலோரியன் தொடரின் ரேஸர் க்ரெஸ்ட் கப்பலுக்கும் 6,000 தான் கேட்டார்கள், 28 ஆயிரத்தைத் தாண்டியது. (நவம்பரில் பதிவு முடிய, டிசம்பரில் தொடரில் அந்தக் கப்பலை வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். காசு கட்டினவர்களின் முகத்தை நினைத்துப் பாருங்கோ.) 2021 இல் கலக்டஸுக்கு 14,000 கேட்டு 30 ஆயிரத்துக்கும் மேல் சேர்ந்தது.

இந்த வெற்றிகளோடு 'படி' என்ற தந்திரமும் வளர்ந்தது. இத்தனை பேர் சேர்ந்தால் கூட ஒரு பொம்மை, இன்னும் சேர்ந்தால் இன்னொரு பாகம். ஆகவே வாங்குகிறவரே மற்றவரை இழுத்துவரும் விற்பனையாளராகிறார். 2021 கடைசியில் ரங்கோர் என்ற மிருகத்துக்கு 349.99 டொலர் விலை வைத்து 9,000 பேரைக் கேட்டபோது ரசிகர்கள் முரண்டுபிடித்தார்கள். ரேஸர் க்ரெஸ்டின் விலைக்கு இது பெறாது, மேலதிகப் படிகளும் வெறும் ஒப்புக்கு என்று குறைசொன்னார்கள். இலக்கை எட்டவில்லை. ரங்கோரை 80களில் கென்னர் சாதாரணப் பொம்மையாகக் கடையில் விற்றிருந்தது என்பதையும் சொல்லவேண்டும். வேணாம் எண்டு சொல்லத் தெரிந்த வாடிக்கையாளர்கள் இருப்பது நல்லதுதான்.

இனி, இவை பிள்ளைகளுக்கானவையா? சட்டத்தைக் கேட்டால் ஒரு விடை உண்டு. 2007 இல் ஈயம் கலந்த பூச்சு இருந்ததால் மாட்டெல் உட்படப் பல கம்பனிகள் விளையாட்டுச் சாமான்களைத் திரும்பப் பெற்றன. அதைத் தொடர்ந்து 2008 இல் அமெரிக்கா ஒரு பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. 12 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கென முதன்மையாகச் செய்யப்படும் பொருட்களை வெளி ஆய்வுகூடத்தில் சோதிக்கவேண்டும், ஈயத்துக்குக் கடும் எல்லை உண்டு. சேகரிப்பாளர்களுக்கான பல பெட்டிகளில் 14+ என்று போட்டிருப்பதை இந்தப் பின்னணியோடு வாசிக்கவேண்டும். பிள்ளைக்குக் கூடாத பொருள் என்று அந்த எண் சொல்லவில்லை. இதைப் பிள்ளையை நினைத்துச் செய்யவில்லை என்றுதான் சொல்கிறது.

பெரியவர்கள் பொம்மை வாங்குவதைப் பகிடி பண்ணுகிறவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. முத்திரை சேர்த்தால் அறிஞர், ரோபோ சேர்த்தால் குழந்தைப் புத்தி என்பது என்ன நியாயம்? எங்கள் கவலை வேறு இடத்தில். ஏழரை அடிக் கப்பலைச் செய்தபோது, பிள்ளைகள் இதை விரும்புவார்கள் என்று கம்பனி தன் காசை வைத்துச் சூதாடியது. இப்போது முற்கூட்டியே அட்டையைக் கொடுக்கிறவர் விரும்புவதை மட்டும் செய்தால் போதும். பத்து வயதுப் பிள்ளையிடம் கடனட்டை இல்லை. அதனால் எந்தப் பாத்திரத்துக்குப் பிரமாண்டமான பொம்மை வரும் என்ற வாக்கெடுப்பில் அந்தப் பிள்ளைக்கு வாக்கும் இல்லை. மாட்டெலும் 2022 இல் இதே முறைக்கு வந்தபோது எதைப் போட்டது தெரியுமா? 1986 இல் வந்த 'இட்டேர்னியா' கோட்டையை, 550 டொலருக்கு. அதுவும் இலக்கை எட்டியது.

2024 இன் முதல் மூன்று மாதங்களில் அமெரிக்க விளையாட்டுச் சாமான் சந்தையில் 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் தமக்கென வாங்கியது 150 கோடி டொலரைத் தாண்டியது என்று சந்தை ஆய்வு நிறுவனமான சேர்கானா கணக்குக் காட்டியது. மூன்றில் இருந்து ஐந்து வயது வரையான பிள்ளைகளுக்கான விற்பனையை அது முதல் தடவையாக முந்தியது.